நரிவேட்டை வார இறுதிக்கு உடலைத் தயார்ப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டன் நகருக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், வர்ஜீனியா மாநிலத்தின் மிடில்பர்க் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள மேடும் பள்ளமுமான பண்ணை நிலங்களில், வேட்டை நாய்களைக் குதிரைமேல் பின்தொடர்ந்து செல்லும் வழக்கம் பல தலைமுறைகளாகத் தொடர்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் தமது மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்து நரிவேட்டைக்குப் போன நாட்களைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1907இல் தொடங்கப்பட்ட வட அமெரிக்க நரிவேட்டைச் சங்கமும் மிடில்பர்க்கிலிருந்துதான் இயங்குகிறது. எங்கள் நண்பர் குழு ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில், முறையான வேட்டைப் பருவம் தொடங்கிய பின், சனி ஞாயிறு இரண்டு நாளும் அங்கே வேட்டையில் கலந்துகொள்கிறது. வருகிறவர்களில் பலர் வசந்த காலத்துக்குப் பின் சேணத்தில் உட்காராதவர்கள். சிலர் பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வருகிறவர்கள். ஆகஸ்ட் முடியும்போது அவர்கள் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் வேட்டையில் உடலுக்கு அப்படி என்ன வேலை இருக்கிறது? குதிரைதானே ஓடுகிறது?

குதிரைதான் ஓடுகிறது என்பது உண்மை. ஆனால் ஓடும் குதிரையின் முதுகில் மூட்டையாகக் கிடப்பதற்கும், அதன் அசைவோடு சேர்ந்து தன் எடையைத் தானே தாங்கி நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை மூன்றாவது மணி நேரத்தில் நீங்களும் அறிவீர்கள், குதிரை உங்களுக்கு முன்பே அறியும். வேட்டை நாள் பொதுவாக மூன்று முதல் ஐந்து மணி நேரம் நீளும். இதில் கணிசமான நேரம் காத்திருப்பிலும் நடையிலும் போய்விடும். நாய்கள் மோப்பம் பிடித்துக் குரல் கொடுத்த நொடியில் நிலைமை மாறுகிறது. நின்றிருந்த குதிரை சட்டென மிதமான ஓட்டமான கேன்டருக்கும் பாய்ச்சலுக்கும் போகிறது. பத்து நிமிடமோ அரை மணியோ, மேடேறிப் பள்ளமிறங்கி, வேலிகளைத் தாண்டி ஓடிவிட்டு மறுபடி நிற்கிறது. குளிர்ந்து விறைத்த தசைகளை முன்னறிவிப்பு இல்லாமல் முழு வேலைக்கு அழைக்கும் விளையாட்டு இது.

இந்த நேரத்தில் நீங்கள் இருக்க வேண்டிய நிலையை இங்கே ஹாஃப் சீட் என்பார்கள். பிட்டத்தைச் சேணத்திலிருந்து சற்றே உயர்த்தி, எடையைக் குதிகால் வழியாக, பாதம் வைக்கும் வளையமான அங்கவடியில் இறக்கி, கைகளைக் குதிரையின் கழுத்தோடு இசைந்து போக விடும் நிலை அது. தொடை, கெண்டைக்கால், கீழ் முதுகு, வயிற்றுத் தசைகள் ஆகிய அனைத்தும் இதில் இடைவிடாமல் உழைக்கின்றன. தொடை சோர்ந்ததும் குதிகால் மேலே எழும், முழங்கால் இறுகும், சமநிலைக்காகக் கை கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கும். அந்தப் பிடிப்பின் எடை முழுவதும் குதிரையின் வாயில் போய் விழுகிறது.

நரியைக் கொல்வார்களா? இது தெரியாமல் வர எனக்கு மனமில்லை.

இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்க வேண்டும். வட அமெரிக்காவில் துரத்துவதுதான் நோக்கம், கொல்வது அன்று; நரி வளைக்குள் புகுந்துவிட்டால் நாய்களை நடத்திச் செல்லும் ஹன்ட்ஸ்மேன் கொம்பு ஊதி நாய்களைப் பாராட்டி வேறிடம் அழைத்துப் போய்விடுவார். ஆனாலும் நாய்கள் ஒரு நரியைப் பிடித்துவிடவே முடியாது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அந்த வாய்ப்பே வேண்டாம் என்பவர்களுக்கு, மணமூட்டிய துணியை முன்கூட்டியே இழுத்துச் சென்று தடம் போட்டு அதை நாய்கள் பின்தொடரும் டிராக் ஹன்ட் இருக்கிறது. உடல் தயாரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். டிராக் ஹன்டில் ஓய்வு குறைவு, வேகம் அதிகம் என்பதால் அதற்குச் சற்றுக் கூடுதலாகவே தயாராக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை வைத்து நரியை வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அது 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

நம்மவர்களுக்கு ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் நாம் நரி என்று பொதுவாகச் சொல்லும் விலங்கு வேறு, ஆங்கிலத்தில் அது ஜாக்கல். இங்கே ஓடுவது செந்நரி, சில இடங்களில் சாம்பல் நரி அல்லது ஓநாய் இனத்தைச் சேர்ந்த கயோட்டி. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஊட்டிக்கு அருகிலுள்ள வென்லாக் புல்வெளிகளில் இதே முறையில் நாய்களைக் கொண்டு நடத்திய வேட்டையில் அவர்கள் துரத்தியது நம்மூர் நரியைத்தான். எந்த விலங்கு ஓடுகிறது என்பது உங்கள் தொடைகளுக்கும் முக்கியம். செந்நரி வட்டமடித்துத் தன் வளைப்பக்கமே திரும்பும் இயல்புடையது, கயோட்டியோ நேர்கோட்டில் மைல் கணக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறேன், ஜிம்முக்கும் போகிறேன். அது போதாதா?

மூச்சுக்குப் போதும். சேணத்துக்குப் போதாது. ஓடுபவர்களுக்கு இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கும், ஆனால் தொடையின் உட்புறத் தசைகளும் இடுப்பு மூட்டின் முன்புறமும் பெரும்பாலும் இறுகியிருக்கும். இறுகிய இடுப்பு குதிரையின் அசைவை ஏற்றுக்கொள்ளாமல் ஒவ்வோர் அடியிலும் சேணத்தின் மீது மோதும். குதிரையேறுவதற்கான உடல் குதிரையேறித்தான் வரும். மற்ற பயிற்சிகள் அதற்குத் துணை நிற்கும்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கால்களைக் குதிரையின் அகலத்துக்கு விரித்து, முழங்காலை மடக்கி, இடுப்பிலிருந்து சற்று முன்னே சாய்ந்து, கைகளை எதன் மீதும் ஊன்றாமல் ஹாஃப் சீட்டில் நில்லுங்கள். பால் பொங்குவதற்குள் தொடை நடுங்கத் தொடங்கினால், நவம்பர் மாதத்தின் முதல் நீண்ட ஓட்டத்தில் என்ன நடக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

எட்டு வாரங்கள் இருக்கின்றன. எப்படித் தொடங்குவது?

எட்டு வாரம் போதும், ஒரு வாரத்தையும் வீணாக்காவிட்டால். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முப்பது நாற்பது நிமிடம் மட்டும் ஏறுங்கள். நடையும், ட்ராட் என்னும் துள்ளு நடையின் தாளத்துக்கு எழுந்து உட்காருவதும் போதும். ஆர்வத்தில் முதல் நாளே ஒன்றரை மணி நேரம் ஏறுகிறவர்கள் தொடையின் உட்புறத் தோல் உரிந்து அடுத்த பத்து நாள் ஏற முடியாமல் போவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். தசை வலி பொதுவாக இரண்டாவது நாளில்தான் உச்சத்துக்கு வரும். ஆகவே மறுநாள் வலிக்கவில்லை என்று கூட்டிவிடாதீர்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து ட்ராட்டில் ஹாஃப் சீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் நின்று, ஒரு நிமிடம் நடந்து, மீண்டும் இரண்டு நிமிடம் என்று ஐந்து முறை செய்யுங்கள். பிடரி மயிரையோ கழுத்துப் பட்டையையோ பிடித்துக்கொள்வதில் தவறில்லை, வாரைப் பிடித்துத் தொங்கினால்தான் தவறு. அங்கவடியைக் கழற்றிவிட்டு ட்ராட் செய்வதைவிடச் சிறந்த பயிற்சியை நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் அதை ஒரு சமயத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம், ஏனென்றால் சோர்ந்த சவாரியாளர் முழங்காலால் இறுக்கிப் பிடிக்கத் தொடங்குவார், அந்தக் கெட்ட பழக்கமே உடலில் பதிந்துவிடும்.

ஐந்தாம் ஆறாம் வாரங்களில் வேலியிட்ட பயிற்சித் திடலை விட்டு வெளியே வாருங்கள். சமதளத்தில் கற்ற சமநிலை சரிவில் கலைந்துவிடும். இறக்கத்தில் ட்ராட், ஏற்றத்தில் கேன்டர், ஈரப் புல், ஓடை, பிற குதிரைகள் முன்னே போகும்போது பின்தங்கி நிற்பது ஆகிய இவற்றையெல்லாம் உங்கள் உடலும் குதிரையும் சேர்ந்து கற்க வேண்டும். மிடில்பர்க் பகுதியில் கம்பிவேலிகளுக்கு நடுவே கோழிக்கூண்டின் கூரை வடிவில் மரத்தால் செய்த தாண்டுமிடங்கள் இருக்கும், கூப் என்பார்கள். அவற்றில் பல மூன்றடி உயரம் இருக்கும், பழைய கற்சுவர்களும் உண்டு. தாண்ட விரும்புகிறவர்கள் இந்த வாரங்களில் அதே உயரத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது, தாண்டிப் பழக வேண்டும்.

ஏழாம் வாரத்தில் ஒரே ஒருமுறை மூன்று மணி நேரம் வெளியில் செல்லுங்கள். அது வேகத்துக்கான நாள் அன்று, சேணத்தில் நீண்ட நேரம் இருந்து பழகுவதற்கான நாள். எட்டாம் வாரம் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் விட்டதைப் பிடிக்க முயல்கிறவர்கள் களைத்த உடலோடுதான் சனிக்கிழமை வந்து நிற்கிறார்கள்.

குதிரை கிடைக்காத நாட்களில் மாடிப்படி ஏறி இறங்குவது, சுவரில் முதுகு சாய்த்து நாற்காலி போல் அமர்வது, ப்ளாங்க் இவை போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நின்று குதிகாலைக் கீழே இறக்கும் பயிற்சியைப் பல் துலக்கும் நேரத்திலேயே செய்துவிடலாம். கணுக்கால் நெகிழ்ந்தால்தான் குதிகால் கீழே நிற்கும், குதிகால் நின்றால்தான் மற்றவை நிற்கும்.

குதிரை தயாராக இருக்கிறதா என்று எப்படி அறிவது?

நாம் தயாராவதைவிட இது முக்கியம், ஏனென்றால் குதிரை வேண்டாம் என்று சொல்லாது. கூட்டத்தின் வேகத்தில், பிற குதிரைகள் முன்னால் ஓடும் கிளர்ச்சியில், தயாராகாத குதிரையும் தன் வலுவுக்கு மேல் ஓடும்.

கோடை முழுவதும் புல்வெளியில் நின்ற குதிரைக்கு எட்டு முதல் பத்து வாரம் தேவை. முதல் மூன்று நான்கு வாரம் சுறுசுறுப்பான நடைதான் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். கடினமான தரையிலும் சரிவிலும் இருபது நிமிடத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை மெல்லக் கூட்டலாம். பலருக்கு இந்த நடை சலிப்பூட்டும், தவிர்த்துவிடுவார்கள். மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும், ஆனால் நரம்பு போல் காலில் இறங்கும் தசைநாண்களும் எலும்பும் வலுப்பெற மாதங்கள் ஆகும். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று நம்பி ஓட்டியதால் முன்னங்காலின் தசைநாண் கிழிந்து ஒரு பருவம் முழுவதையும் இழந்த குதிரைகள் பல. அதன்பின் ட்ராட், பிறகு நான்கு நிமிடக் கேன்டரும் மூன்று நிமிட நடையுமாக மாறி மாறி.

ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 வரை இருக்கும். தாடை எலும்பின் உட்புற விளிம்பில் விரல் வைத்தால் கயிறு போல் உருளும் நாளத்தில் அதை எண்ணலாம். பயிற்சி முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது 60 அளவுக்கு இறங்கினால் வேலை சரியான அளவில் இருந்தது என்று கொள்ளலாம். இறங்காவிட்டால் அடுத்த முறை குறைக்க வேண்டும். ஒவ்வொரு காலையிலும் நான்கு கால்களையும் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையால் வழித்துப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் சூடு தெரிந்தால் அன்று ஏற வேண்டாம், கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

பலர் மறப்பது சேணம். உழைக்க உழைக்கக் குதிரையின் முதுகின் வடிவம் மாறும். செப்டம்பரில் தொப்பையோடு இருந்த குதிரைக்குப் பொருந்திய சேணம் நவம்பரில் பொருந்தாமல் போகலாம். ஆறாம் வாரத்தில் ஒருமுறை அதைப் பார்த்துவிட வேண்டும். குளிர்கால மயிர் அடர்ந்த குதிரை ஓடினால் வியர்த்து நனைந்து குளிரில் நடுங்கும் என்பதால், கால்களிலும் சேணமிருக்கும் இடத்திலும் மயிரை விட்டுவிட்டு மற்ற இடங்களைக் கத்தரிப்பார்கள். அதற்கும் லாடம் மாற்றுவதற்கும் முன்கூட்டியே நாள் குறித்துவிடுங்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரே குதிரையில் போகலாமா?

கூடாது என்பதே என் கருத்து. சனிக்கிழமை குறைவாக ஓடியிருந்தால் ஞாயிறு மெதுவான குழுவில் போகலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு, நான் அதற்கும் உடன்பட மாட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் முழங்கால் காயத்திலிருந்து திரும்பிய பருவத்தில், போதிய பயிற்சி இல்லாமல், இரண்டு நாளும் ஒரே குதிரையில் சென்றேன். இரண்டாம் நாள் மதியத்துக்குப் பிறகு என் தொடை என்னைத் தாங்கவில்லை. பெரும்பாலான நேரம் சேணத்தில் பொத்தென்று அமர்ந்தே வந்தேன். மாலையில் சேணத்தை இறக்கிவிட்டு அதன் முதுகெலும்பின் இரு பக்கமும் வழக்கம்போல் கையால் வருடியபோது, சேணத்தின் பின்பகுதி இருந்த இடத்தில் விரல் பட்டதும் அதன் தோல் சிலிர்த்தது, முதுகு என் கையிலிருந்து விலகிக் கீழே அமிழ்ந்தது. அது முனகவில்லை, கடிக்கவில்லை. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலுக்குத் திரும்பிக்கொண்டது. மூன்று வாரம் அதன் மீது யாரும் ஏறவில்லை. என் சோர்வு முழுவதையும் அது சுமந்திருக்கிறது. அதன் பிறகுதான் இந்தத் தயாரிப்பை ஆகஸ்டிலேயே தொடங்கும் பழக்கம் எனக்கு வந்தது.

இரண்டாவது நாளுக்கு வாடகைக் குதிரை எடுக்கலாம். எடுப்பவர்கள் தம் எடையையும், எவ்வளவு காலமாக ஏறவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எந்தக் குழுவில் சேர்வது?

பின்தொடர்பவர்கள் பொதுவாக மூன்று குழுவாகப் பிரிவார்கள். முதல் குழு எல்லா வேலிகளையும் தாண்டி நாய்களுக்கு மிக அருகில் போகும். இரண்டாவது குழு தாண்டாமல் வாயில் வழியாகப் போகும், ஆனால் வேகம் இருக்கும். மூன்றாவது குழுவினர் குன்றுகளின் மேலிருந்து நடையிலும் ட்ராட்டிலும் பார்த்துக்கொண்டே வருவார்கள், ஹில்டாப்பர் என்று பெயர். திரும்பி வருகிற முதல் ஆண்டில் இரண்டாவது அல்லது மூன்றாவது குழுவிலேயே இருங்கள். நாய்கள் வேலை செய்வதைப் பார்ப்பதற்கு ஹில்டாப்பர்களுக்குக் கிடைக்கும் இடம் முதல் குழுவுக்குக் கிடைப்பதில்லை. காலையில் இரண்டாவது குழுவில் தொடங்கி, சோர்வு தெரிந்ததும் குழுவை வழிநடத்தும் ஃபீல்டு மாஸ்டரிடம் சொல்லிவிட்டு மூன்றாவதுக்கு மாறலாம். சொல்லாமல் பிரிந்து போகக் கூடாது, உங்களைத் தேடுவதற்கு ஒருவர் தன் நாளை இழப்பார்.

எனக்கு வயது ஐம்பத்தைந்து. இடுப்பும் முழங்காலும் முன்போல இல்லை.

வேட்டைக் களத்தில் அறுபதையும் எழுபதையும் கடந்தவர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். எட்டு வாரத்தைப் பன்னிரண்டாக நீட்டுங்கள், பயிற்சி நாட்களுக்கு இடையே ஒரு நாள் ஓய்வு விடுங்கள். அங்கவடியை ஒரு துளை நீளமாக வைத்தால் முழங்காலின் மடிப்பு குறையும். தரையிலிருந்து தாவி ஏறுவதைவிட மேடையிலிருந்து ஏறுவது உங்கள் இடுப்புக்கும் குதிரையின் முதுகுக்கும் நல்லது. இதய நோய், எலும்புத் தேய்வு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரிடம் "உடற்பயிற்சி செய்யலாமா?" என்று கேட்டால் போதாது, "குதிரையிலிருந்து விழ நேரிடலாம், அது எனக்கு ஆபத்தா?" என்று கேட்க வேண்டும்.

விழுந்தால்?

விழுவோம் என்ற நினைப்போடு தயாராவதே நல்லது. குதிரையேறுவதற்கென்று சான்று பெற்ற தலைக்கவசம் மட்டுமே அணியுங்கள். ஒருமுறை அடி வாங்கிய கவசம் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும், மாற்றிவிட வேண்டும். தலையில் அடிபட்டுச் சிறிதாவது மயக்கம், குமட்டல், குழப்பம் இருந்தால் அன்று மீண்டும் ஏறக் கூடாது. உடனே ஏறிவிட்டால் பயம் போய்விடும் என்ற பழைய பேச்சு மூளைக்கு அடிபட்டவருக்குப் பொருந்தாது.

கழுத்தில் கட்டும் வெள்ளைத் துணியான ஸ்டாக் அழகுக்காக மட்டும் கட்டப்படுவதன்று. நீளமான அந்தத் துணியால் மனிதருக்கோ குதிரைக்கோ காயத்துக்குக் கட்டுப்போடலாம், கை முறிந்தால் தூளியாகவும் தொங்கவிடலாம். அதில் குத்தும் ஊசியைக் குறுக்காகக் குத்துங்கள். நிமிர்த்திக் குத்தினால் விழும்போது கழுத்தில் ஏறும்.

என்ன சாப்பிடுவது?

முந்தின இரவு சோறோ சப்பாத்தியோ வயிறாரச் சாப்பிடுங்கள். காலையில் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எளிய உணவு. பையில் ஒரு சாண்ட்விச்சோ கடலை மிட்டாயோ இருக்கட்டும். குளிரில் தாகம் தெரியாது, அதனால் கேட்காமலே தண்ணீர் குடிக்க வேண்டும். தொடங்கும் முன் ஒயின் கோப்பை நீட்டுவது இங்குள்ள மரபு. மறுத்தால் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள், தாண்டப் போகிறவர்கள் மறுப்பதே நல்லது.

புதிதாக வரும் குதிரையைப் பற்றிப் பிறருக்கு எப்படித் தெரிவிப்பது?

உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு நாடா, அனுபவமில்லாத குதிரைக்குப் பச்சை நாடா. நாடா கட்டிவிட்டதால் பொறுப்பு தீர்ந்துவிடாது, கூட்டத்தின் பின்னால் இருக்க வேண்டும். நாய்கள் கடந்து செல்லும்போது குதிரையின் தலையை அவற்றின் பக்கம் திருப்பி நிறுத்துங்கள், பின்னங்கால் எட்டாத தொலைவில் இருக்கும்.

ஞாயிறு காலை எழுந்திருக்கவே முடியவில்லை என்றால்?

வெந்நீரில் குளித்து, கால் மணி நேரம் நடந்து பாருங்கள். தசை வலி என்றால் நடக்க நடக்க இளகும். மூட்டிலோ முதுகெலும்பிலோ குத்தும் வலி என்றால் கூடும். இளகினால் மூன்றாவது குழுவில் ஏறுங்கள். கூடினால் ஏற வேண்டாம், சாலை வழியாகக் காரில் பின்தொடரும் ஊர்க்காரர்கள் எப்போதும் இருப்பார்கள், அவர்களோடு செல்லுங்கள். நரி எந்த ஓடையைக் கடக்கும், நாய்கள் எந்தச் சரிவில் திரும்பும் என்பதை அவர்கள் நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அறிவார்கள். கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தினால், பனி மூடிய பள்ளத்தாக்கிலிருந்து முப்பது நாய்களின் குரல் ஒன்றாக எழுந்து வருவது கேட்கும்.